“சாமி எங்கடா சட்டை போடும்?”: சுவரில் தொங்கும் காந்தியும் நம்ம ஞாபகமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடை விளாங்குடியில எங்க வீட்டு மாடியில உக்காந்து பேசிட்டு இருக்கேன். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா அது திண்டுக்கல் ரோட்டு பஸ். கீழ பெயின்ட் அடிக்கிறாங்க. அடுத்த மாசம் அண்ணனுக்குக் கல்யாணம்.

பெயின்ட் அடிக்கணும்னா சுவர்ல இருக்கிறதை எல்லாம் இறக்கணும்ல? அப்படி இறக்குனப்ப ஒரு சின்னச் சண்டை வந்துச்சு. எங்க வீட்டு ஹால்ல மீனாட்சி கல்யாணம் படத்துக்கும் தாத்தா போட்டோவுக்கும் நடுவுல ஒரு காந்தி படம் உண்டு. அப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே தாத்தா வாங்கி பிரேம் போட்டது. காந்தி கைகூப்பி நிக்கிறாரு. மேல சட்டை இல்ல. நெஞ்சுல குங்குமப் பொட்டு மாதிரி மூணு சிவப்புப் புள்ளி. தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம். கண்ணாடி மேல அப்பத்தா வெச்ச சந்தனம், பல அடுக்கா காஞ்சு போயிருக்கு.

அண்ணன் சொன்னான், “ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருச்சு. இந்த இடத்துல டிவி பேனல் வருது. காயலான் கடையில போட்ருவோம்.” அப்பத்தா ஒரு வார்த்தை பேசல. எழுந்து போய் அந்தப் படத்தைத் தூக்கி அவங்க கட்டிலுக்கு அடியில வெச்சுட்டாங்க.

எனக்கு அப்ப சின்ன வயசு ஞாபகம் ஒண்ணு வந்துச்சு. இதே படத்தைக் காட்டி அப்பத்தாகிட்ட கேட்டிருக்கேன், “யாரு இது?” “காந்தி சாமி.” “ஏன் சட்டை போடல?” “சாமி எங்கடா சட்டை போடும்?”

அன்னைக்கு அந்தப் பதில் எனக்குப் போதுமா இருந்துச்சு. இப்ப யோசிச்சா, நினைவுப் படங்கள் ஒரு நாட்டோட ஞாபகத்தை எப்படி உருவாக்குதுங்கிறது மொத்தமும் அந்த ஒரு பதில்ல இருக்கு. ஏன்னா அவர் சட்டை போடாததுக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் நடந்தது இதே மதுரையில. அந்தப் படம் நூறு தடவை என் கண்ணுல பட்டிருக்கும், ஒரு தடவை கூட அதை எனக்குச் சொல்லல.

நாற்பது நாள் முடிவு

1921 செப்டம்பர். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்துல இருந்த நேரம். காந்தி தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்துல மதுரைக்கு ரயில்ல வந்துட்டு இருக்காரு. பெட்டியில இருந்தவங்ககிட்ட அந்நியத் துணியை விட்டுட்டு கதர் கட்டச் சொல்றாரு. அவங்க சொன்ன பதில் ரொம்ப எளிமையானது: நாங்க ஏழைங்க, கதர் வாங்குற அளவுக்கு எங்ககிட்ட காசு இல்ல.

அவர் அப்ப தொப்பி, மேல்சட்டை, முழு வேட்டியோட உக்காந்திருக்காரு. பழைய துணியை எரிங்கன்னு சொல்றது சுலபம், புதுசு வாங்க முடியாதவன் என்ன பண்ணுவான்? இந்தக் கேள்வி அவரை விடல. மதுரையில மேலமாசி வீதியில ஒரு வீட்டு மாடியில தங்குறாரு. இன்னைக்கும் அந்தக் கட்டடம் இருக்கு, கீழ கதர்க் கடை. செப்டம்பர் 22-ஆம் தேதி அங்கதான் இடுப்புல முழத்துண்டோட வெளிய வர்றாரு. அந்தக் கோலத்துல முதல்ல மக்கள் முன்னால நின்ன இடத்துக்கு இன்னைக்கும் காந்தி பொட்டல்னு பேரு.

அன்னைக்கு அவர் வெளியிட்ட அறிக்கையில ஒரு தேதி இருக்கு. அக்டோபர் 31 வரைக்குமாவது தொப்பியும் மேல்சட்டையும் போடப் போறதில்லைன்னுதான் சொல்றாரு. கணக்குப் போட்டா நாற்பது நாள். நம்ம ஊர்ல கோயிலுக்கு விரதம் இருக்கிற மாதிரி ஒரு கால வரையறை. அது அப்புறம் வாழ்நாள் முழுக்க நீண்டுச்சு.

நம்ம தலையில காந்தின்னு ஓடுற உருவம், அதாவது திறந்த மார்பு, முழங்கால் வரைக்கும் துணி, அந்த உருவம் பொறந்தது இங்கதான். அதுல பாதி ஒரு ரயில் பெட்டியில பேர் தெரியாத சில ஏழைங்க சொன்ன பதில். ஆனா அவங்க எந்தப் படத்துலயும் இல்ல.

படம் எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சு

ஒரு மனுஷனோட உடை எப்படி நாடு முழுக்க, விளாங்குடி வரைக்கும் வந்து சேர்ந்துச்சு? அதுக்கு அச்சுக்குப் போகணும்.

1796-ல ஜெர்மனியில அலோய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடிச்சாரு. லித்தோன்னு சொல்றது அதைத்தான். எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது, அவ்வளவுதான் ரகசியம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லுல எண்ணெய்ப் பசை உள்ள மையால வரையணும். கல்லை ஈரமாக்கினா வரையாத இடம் தண்ணியைப் பிடிச்சுக்கும். அச்சு மையை உருட்டினா வரைஞ்ச இடத்துல மட்டும் ஒட்டும். மேல காகிதத்தை வெச்சு அழுத்தினா படம். நிறத்துக்கு ஒரு கல். இப்படி ஒரே ஓவியம் ஆயிரக்கணக்குல பெருகும்.

1894-ல ராஜா ரவி வர்மா பம்பாயில அச்சகம் தொடங்கினாரு. அதுக்கு முன்னாடி லட்சுமியையும் சரஸ்வதியையும் பார்க்கணும்னா கோயிலுக்குப் போகணும், இல்லாட்டி வசதியானவங்க வீட்டுல தஞ்சாவூர் ஓவியம் இருக்கும். இப்ப சில்லறைக் காசுக்கு சாமி வீட்டுச் சுவருக்கே வந்துருச்சு. அதாவது தலைவர்கள் வர்றதுக்கு முன்னாடியே அந்தச் சுவர்ல சாமிக்குன்னு ஒரு இடம் தயாரா இருந்துச்சு. ஆணி, மாலை, சந்தனம், ஊதுபத்தி எல்லாம் ஏற்கனவே பழக்கம்.

1905-ல வங்காளத்துல அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை வரைஞ்சாரு. நாலு கை. புத்தகம், நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. அதைப் பார்த்துட்டு சகோதரி நிவேதிதா எழுதினது சுவாரசியமானது. முடிஞ்சா இதைப் பல்லாயிரக்கணக்குல அச்சடிச்சு, கேதார்நாத்தில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரு குடிசைச் சுவர் விடாம மாட்டணும்னு ஆசைப்பட்டாங்க. ஒரு நாட்டை உணர வைக்க என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பேச்சை ஒரு தடவை கேப்போம். சுவர்ல இருக்கிறதை தினமும் பார்ப்போம்.

தட்டுல வெச்ச தலை

1931 மார்ச் 23-ஆம் தேதி லாகூர்ல பகத் சிங்கைத் தூக்குல போட்டாங்க. அதுக்கப்புறம் கான்பூர் மாதிரியான ஊர்கள்ல சின்னச் சின்ன பதிப்பாளர்கள் அவர் படத்தை அச்சடிச்சுத் தள்ளினாங்க. சில படங்கள்ல பகத் சிங் தன் தலையைத் தானே அறுத்து, தட்டுல வெச்சு பாரத மாதாவுக்குக் கொடுக்குறாரு. நிஜத்துல நடந்தது தூக்கு. படத்துல நடக்கிறது பலி.

இது நமக்குப் புதுசா? தமிழ்நாட்டுல பல ஊர்ல அரிகண்டச் சிற்பம்னு இருக்கு. கொற்றவைக்கு முன்னால தன் தலையைத் தானே கொடுக்கிற வீரன். அச்சகக்காரங்க புதுச் செய்தியைப் பழைய அச்சுல வார்த்தாங்க, அதனால எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் ஒரே பார்வையில புரிஞ்சுச்சு: இது அரசாங்கம் கொடுத்த தண்டனை இல்ல, இவன் கொடுத்த காணிக்கை.

பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கும் அது புரிஞ்சிருக்கு. பல படங்களைத் தடை பண்ணிப் பறிமுதல் பண்ணாங்க. ஆனா பறிமுதல் பண்ணதை ஃபைல்ல பத்திரமா வெச்சாங்க. சுவர்ல இருந்தது கரையான் அரிச்சுப் போக, தடை பண்ணினவங்க கையில இருந்தது பிழைச்சுருச்சு. இன்னைக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலயும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலயும் அதெல்லாம் இருக்கு.

பகத் சிங்குக்கு நடந்தது 1948 ஜனவரி 30-க்கு அப்புறம் காந்திக்கும் நடந்துச்சு. வானத்துல இருந்து தேவர்கள் பூத்தூவ, காந்தி மேல போற மாதிரி படங்கள். எங்க வீட்டுப் படமும் அந்த வம்சம்தான். குண்டு பட்ட நெஞ்சு, ஆனா வலி இல்ல. சுட்டவனும் இல்ல. ரத்தம் மூணே மூணு துளி.

இதை நான் எதோட ஒப்பிடுறேன்னு மதுரைக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தமுக்கம் பக்கத்துல, ராணி மங்கம்மாள் அரண்மனையில இருக்கிற காந்தி நினைவு அருங்காட்சியகம். 1959 ஏப்ரல் 15-ல நேரு திறந்து வெச்சது. அங்க ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள, சுடப்பட்ட அன்னைக்கு காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி இருக்கு. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்ப நான் முதல்ல பார்த்தேன். வீட்டுப் படத்துல பார்த்த மூணு பொட்டை அதுல தேடினேன். அப்படி எதுவும் இல்ல. கறுத்துப் போன கறை, அவ்வளவுதான். ரெண்டும் ஒரே சாவைப் பத்தினது. ஒண்ணைப் பார்த்தா கன்னத்துல போட்டுக்கத் தோணுது. இன்னொண்ணைப் பார்த்தா யாரு, ஏன் சுட்டாங்கன்னு கேக்கத் தோணுது.

வருஷம் முழுக்கத் தொங்கணும்

மதுரையில இருந்து தெற்க பஸ் ஏறினா சிவகாசி, அதுக்கும் அங்கிட்டு கோவில்பட்டி. நம்ம வீட்டுச் சுவர்களைத் தீர்மானிச்ச ரெண்டு ஊர்.

சிவகாசியில 1920-கள்ல தீப்பெட்டித் தொழில் வந்துச்சு. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்கு அச்சகம் வேணும், அச்சகம் வந்ததும் காலண்டர் வந்துருச்சு. கோவில்பட்டியில சி. கொண்டையராஜூன்னு ஒரு ஓவியர். சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர். நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா வரைஞ்சவர். அவரும் அவரோட சீடர்களும் வரைஞ்ச சாமி படங்கள்தான் பல வருஷம் தென் மாவட்ட வீடுகள்ல காலண்டரா தொங்குச்சு. நாடகத் திரையில இருந்த அந்த வெளிச்சம், நேரா நம்மளைப் பார்க்கிற முகம், எல்லாம் அப்படியே காலண்டர்ல இறங்குச்சு.

இப்ப ஒரு வியாபாரக் கணக்கைக் கவனிங்க. காலண்டருக்குக் காசு கொடுக்கிறது நீங்களோ நானோ இல்ல. மளிகைக் கடைக்காரர், நகைக் கடைக்காரர், மில் முதலாளி. கீழ அவங்க கடைப் பேரு இருக்கும். ஆடிப்பெருக்கு அன்னைக்கு சிவகாசியில அடுத்த வருஷத்துக்கான மாதிரி ஆல்பம் வெளியாகும், அதைப் புரட்டி ஆர்டர் கொடுப்பாங்க. அவங்களுக்கு வேண்டியது ஒண்ணுதான்: வாடிக்கையாளர் இதைக் கழட்டாம 365 நாள் மாட்டி வெச்சிருக்கணும். அப்ப எந்தப் படம் தேறும்? யாரையும் உறுத்தாத படம். சிரிச்ச காந்தி, ரோஜாப்பூ நேரு, சல்யூட் அடிக்கிற நேதாஜி. மூணு பேரும் ஒரே காலண்டர்ல தோளோடு தோள் நிப்பாங்க. 1939-ல காங்கிரஸ் தலைவர் பதவியை நேதாஜி விட்டு விலகுற அளவுக்கு காந்திக்கும் அவருக்கும் இருந்த கருத்து மோதல் அந்த அட்டையில வராது. வந்தா யாரு மாட்டுவா?

யாரும் உக்காந்து திட்டம் போட்டு வரலாற்றை மறைச்சாங்கன்னு நான் சொல்ல வரல. மாட்டக்கூடிய படம் மட்டும் மிஞ்சுச்சு, மிஞ்சினதே ஞாபகம் ஆச்சு.

அரசாங்கம் அடிச்ச படம்

அரசாங்கம் செஞ்சதும் கிட்டத்தட்ட இதேதான். 1948 ஆகஸ்ட் 15-ல காந்திக்கு நாலு அஞ்சல் தலை வந்துச்சு. உள்ளூர்ல செஞ்சதை வாங்குன்னு வாழ்நாள் முழுக்கச் சொன்னவருக்கு, அந்த ஸ்டாம்ப் அச்சானது சுவிட்சர்லாந்துல.

1969-ல நூற்றாண்டு விழாவுக்கு முதல் தடவையா ரூபாய் நோட்டுல வந்தாரு. பின்னாடி சேவாகிராம் ஆசிரமம், முன்னாடி உக்காந்திருக்கிற காந்தி. 1996-ல இருந்து நாம பார்க்கிற சிரிச்ச முகம் வந்துச்சு. அது ஓவியம் இல்ல, 1946-ல எடுத்த ஒரு போட்டோ. அந்தப் போட்டோவுல அவர் பக்கத்துல பெத்திக் லாரன்ஸ் பிரபு இருக்காரு. இந்தியாவுக்கு விடுதலை எப்படிக் கொடுக்கிறதுன்னு பேச லண்டன்ல இருந்து வந்த அமைச்சர். நோட்டுக்காக அவரை வெட்டிட்டாங்க. பேச்சுவார்த்தை போயிருச்சு, சிரிப்பு மட்டும் நிக்குது.

2014-ல தூய்மை இந்தியா சின்னம் வந்தப்ப முகமும் போச்சு. வட்டக் கண்ணாடி மட்டும். நமக்கு அதுவே போதும், காந்தின்னு தெரிஞ்சுருச்சு. 2016-க்கு அப்புறம் வந்த நோட்டுகளோட பின்பக்கத்துல அந்தக் கண்ணாடி இருக்கு பாருங்க.

வரிசையா வெச்சுப் பார்த்தா, முதல்ல ஒரு முடிவு எடுத்த மனுஷன். அப்புறம் உடம்பு, அப்புறம் முகம், கடைசியில கண்ணாடி. ஒவ்வொரு படியிலயும் அடையாளம் கண்டுபிடிக்கிறது சுலபமாகுது, காரணம் தூரமாகுது. இப்ப நாமெல்லாம் ஜிபே தலைமுறை. டீக்கடையில கூட ஸ்கேன் பண்றோம். பாக்கெட்ல இருந்த அந்த முகமும் பையப் பைய வெளிய போயிட்டு இருக்கு.

முகமே இல்லாத கல்லு

நினைவுன்னா முகம்தான்னு ஆகிப்போனதுக்கு நேர் எதிரா நம்ம ஆத்தங்கரையிலயே ஒண்ணு இருக்கு. எங்க ஏரியாவுக்குத் தெற்க ஓடுற இதே வைகையில மேற்க போனா தேனி மாவட்டம், ஆண்டிபட்டி வட்டம், புள்ளிமான்கோம்பை. 2006-ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்க தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடிச்சாங்க. 2,000 வருஷத்துக்கும் மேல பழசு.

அதுல ஒரு கல்லுல ஆள் உருவம் கிடையாது, வாள் கிடையாது. சில சொல்லு மட்டும். செத்தவன் பேரு என்ன, எந்த ஊரு, எந்த ஊர்ல நடந்த ஆகோள்ல, அதாவது மாடு கவர்ற சண்டையில செத்தான். அவன் மூக்கு எப்படி இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. ஆனா ஏன் செத்தான்னு தெரியும்.

எங்க வீட்டுக் காந்தி படத்துல எல்லாம் தெரியுது. ஏன்னு மட்டும் தெரியல.

படம் வேண்டாம்னு நான் சொல்லல. சுவர்ல அந்தப் படம் இல்லாம இருந்திருந்தா, சின்ன வயசுல எனக்குக் கேள்வியே வந்திருக்காது. 1930 உப்பு சத்தியாகிரகத்துக்கு நந்தலால் போஸ் செதுக்கின லினோகட் பார்த்திருப்பீங்க. கறுப்புப் பின்னணியில வெள்ளைக் கோடு, கம்பு ஊனி நடக்கிற காந்தி. அதுலயும் முழு வரலாறு இல்ல. ஆனா அந்த உருவம் நடக்குது, எங்க போறாருன்னு கேக்க வைக்குது. அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லணும். படத்தால தனியா அந்த வேலையைச் செய்ய முடியாது.

கட்டிலுக்கு அடியில

நேத்து ராத்திரி அப்பத்தா பக்கத்துல உக்காந்து மேலமாசி வீதிக் கதையைச் சொன்னேன். ரயில்ல அந்த ஏழைங்க சொன்னது, நாற்பது நாள் கணக்கு, எல்லாம். எங்க தாத்தா செல்லூர்ல தறி ஓட்டினவர். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க:

“உங்க தாத்தாவும் தறியில சட்டை போட மாட்டாருடா. இருந்ததே ரெண்டு சட்டை. வேர்வையில நைஞ்சு போயிரும்னு கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் உக்காருவாரு. ஊருக்கெல்லாம் துணி நெஞ்சாரு.”

இது எனக்கு இத்தனை வருஷமா தெரியாது. படத்துல இருக்கிற தாத்தா சட்டை போட்டிருக்காரு. ஸ்டூடியோவுல எடுத்த போட்டோ அது. அந்தச் சட்டை யாரோடதுன்னு கேட்டேன். “ஸ்டூடியோக்காரன் குடுத்தது”ன்னு சிரிச்சாங்க.

காலையில பிரேமைத் துடைச்சு, பின்பக்க அட்டையில ஒரு வெள்ளைத்தாள் ஒட்டினேன். மதுரை, மேலமாசி வீதி, 22.9.1921, ரயில்ல நடந்தது என்ன, எதுக்காக அந்த உடை. அஞ்சு வரிதான். தாத்தா போட்டோவுக்குப் பின்னாடியும் ஒரு தாள் ஒட்டினேன். தறி, ரெண்டு சட்டை, ஆணி.

அண்ணன் வந்து ரெண்டையும் வாசிச்சான். டிவி பேனல் மாறல, அது அங்கதான் வருது. ஆனா மாடிப்படி திரும்புற இடத்துல அவனே டிரில் எடுத்து ரெண்டு ஓட்டை போட்டான். கல்யாணத்துக்கு வர்றவங்க மாடிக்கு ஏறினா ரெண்டு படத்தையும் தாண்டித்தான் போகணும். அப்பத்தா வழக்கம் போல சந்தனம் வெச்சுட்டாங்க. இந்தத் தடவை ரெண்டு படத்துக்கும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுலயோ பாட்டி வீட்டுலயோ தொங்குற ஒரு பழைய படத்தை இறக்குங்க. யாரு இது, ஏன் இங்க தொங்குதுன்னு வீட்டுல மூத்தவங்க யாராவது இருக்கும்போதே கேளுங்க. கேட்டதைப் பின்பக்கம் எழுதி ஒட்டிட்டு மறுபடியும் மாட்டுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வர்றேன்.